கட்டத்துக்குள் இருப்பது பரீட்சைக்கு வராது

1

நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்பதை ஊரில் இருப்பவர்களுக்கு ஒழுங்காக விளக்க முடிந்ததே இல்லை. அப்பா கேட்பவர்களிடமெல்லாம், "பெரியவன் லண்டன்ல வாத்தியாரா இருக்கான்" என்கிறார். இது லண்டன் இல்லை. அங்கிருந்து ரயிலில் வெகுநேரம் வடக்கே போனால் வருகிற, மழை ஓயாத சிறு நகரம். நான் வாத்தியாரும் இல்லை, உதவியாளன். என் மனைவி கலாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்தபோது அவளைச் சார்ந்தவன் என்று விசா வாங்கிக்கொண்டு வந்தவன். தஞ்சாவூரில் படித்த எம்.எஸ்சி.யும் பி.எட்.டும், ஓர் ஆரம்பப் பள்ளியில் வாசிப்பில் பின்தங்கிய எட்டு வயதுப் பிள்ளைகள் சிலரைத் தனி மேசையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்குச் செல்லுபடியாகின்றன.

நான் சொல்லிக்கொடுப்பது கதை அல்ல. தேனீ, எரிமலை, மனித உடம்பு என்று வருகிற தகவல் புத்தகங்களை எப்படிப் படிப்பது என்பதை. அவற்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கத் தேவையில்லை. தலைப்பைப் பார்த்து எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யலாம். தடித்த எழுத்தில் ஒரு சொல் இருந்தால் அதன் பொருள் கடைசிப் பக்கங்களில் இருக்கும். படத்துக்குக் கீழே இருக்கும் சின்ன வரி அலங்காரத்துக்கு இல்லை. வரைபடத்தில் கோடிழுத்து எழுதியிருக்கும் பெயர்களும், ஓரத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் செய்தியும் பாடத்தைச் சேர்ந்தவைதான். ஒவ்வொரு செப்டம்பரிலும் பள்ளி திறந்ததும் முதலில் இதைத்தான் எடுப்போம்.

வந்த புதிதில் நானே இதில் இடறினேன். "எல்லோரும் இன்டெக்ஸைத் திறங்கள்" என்றேன். பிள்ளைகள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போனார்கள். நான் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏன் இதுகள் பின்னால் புரட்டுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊர் நோட்டில் முதல் பக்கத்துக்குத்தான் இன்டெக்ஸ் என்று பெயர். இங்கே அது வேறு, உள்ளடக்கம் வேறு. ஃப்ரேயா என்ற பெண், தாழ்ந்த குரலில், "நீங்க பார்க்கறது இன்டெக்ஸ் இல்ல" என்றாள். வகுப்பாசிரியை ஜானெட் கேட்காத மாதிரி இருந்துகொண்டாள்.

இந்த வாரம் அதே பாடம் மறுபடி வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். போன வருடம் இதே பாடம் நடந்த வாரத்தில்தான் என் தம்பி முருகேசனை இழந்தோம்.

2

திருவையாற்றிலிருந்து டவுன் பஸ் போகும் தூரத்தில், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். அப்பா பிறத்தியார் வயலில் கூலிக்கு இறங்கியவர். முருகேசன் குத்தகைக்கு எடுத்து விவசாயம் செய்தான். அவ்வளவு தூரம் ஒரே தலைமுறையில் வந்திருந்தோம்.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். அறிவியல் வாத்தியார் பாடத்தை வரிவரியாக வாசிப்பார், நாங்கள் திருப்பிச் சொல்வோம். பக்கத்தின் ஓரத்தில் கட்டம் வந்தால், "கட்டம் கட்டியிருக்கறத விட்டுருங்கடா. அது பரீட்சைக்கு வராது" என்று தாண்டிப்போவார். படத்தையும் தாண்டிப்போவார். நான் அவர் சொன்னபடியே விட்டுவிட்டுக் கேள்வி பதிலை நெட்டுருப் போட்டேன். அதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கினேன்.

முருகேசனுக்கு நெட்டுரு வராது. அவன் படங்களைப் பார்ப்பான். தவளையின் வயிற்றைப் பிளந்து போட்டிருக்கும் படத்தில் எது கல்லீரல், எது குடல் என்று கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். "என்னடா படம் பாக்குற, சினிமாவா?" என்று தலையில் குட்டு விழும். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று சொன்னான். யார் சொன்னது என்று கேட்டேன். "புத்தகத்துலதான் இருக்கு, கட்டத்துக்குள்ள" என்றான். பத்தாம் வகுப்பில் இரண்டு பாடத்தில் போய்விட்டது. மறுபடி எழுதவில்லை.

இங்கே வேலையில் சேர்ந்த பிறகு அவனிடம் போனில் சொன்னேன், "நீ அப்ப செஞ்சதத்தான் இங்க பாடமா வெச்சிருக்காங்கடா" என்று. அவன் ரொம்ப நேரம் சிரித்தான். "அப்ப என்னயக் கூப்பிட்டிருக்கணும் லண்டனுக்கு" என்றான்.

3

அன்று பிள்ளைகளுக்குப் படத்தின் கீழ் வரி எழுதும் பயிற்சி. பள்ளியில் செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மதிய இடைவேளையில் எடுத்துப் பார்த்தால், முருகேசனின் மனைவி செல்வி வரிசையாக அழைத்திருந்தாள். குப்பைத் தொட்டிகள் நிற்கும் பின்பக்கம் போய்க் கூப்பிட்டேன்.

"அத்தான், அவருக்கு முடியல. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில இருக்கோம்."

"என்னாச்சு?"

"காலைல மருந்து அடிக்கப் போனாரு. குறுவைல இலைச்சுருட்டுப் புழு. மத்தியானம் வந்தவரு கண்ணு மங்கலாத் தெரியுதுன்னாரு. வாயில எச்சி நிக்காம ஊத்துது. குளிச்சாப்புல வேர்வை. வாந்தி. ஆட்டோல போட்டுக் கொண்டாந்தோம்."

"மேல பட்டுச்சா?"

"டேங்கு ஒழுகியிருக்கு அத்தான். முதுகு, இடுப்பு எல்லாம் நனைஞ்சு கெடந்துச்சு. அந்தச் சட்டையோடவே மீதி வயலையும் முடிச்சிருக்காரு. நாந்தான் வீட்ல வந்து கழட்டுனேன்."

பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. பயிற்சி டாக்டர். "எந்த மருந்துன்னு தெரியுமாம்மா? பாட்டில் கொண்டாந்தீங்களா?"

செல்வி கொண்டுதான் போயிருந்தாள். கிளம்பும் அவசரத்திலும் அதை எடுத்து ஒரு பையில் போட்டிருந்தாள். ஆனால் அது தண்ணீர் பாட்டில். முழு பாட்டில் வேண்டாம், பாதி போதும் என்று முருகேசன் கேட்டிருக்கிறான். கடைக்காரர் பெரிய கேனிலிருந்து அதில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

"இதுல ஒண்ணுமே எழுதலையேம்மா," என்றார் டாக்டர். கொஞ்சம் பொறுத்து, "குடிச்சாரா?" என்று கேட்டார்.

"இல்லங்க. அடிச்சாரு."

"மறைக்காம சொல்லுங்கம்மா. சொன்னாத்தான் அதுக்கேத்தாப்புல பாக்க முடியும்."

"குடிக்கலைங்க."

எங்கள் ஊரில் பூச்சிக்கொல்லி என்று யாரும் சொல்வதில்லை. மருந்து. மருந்து அடித்தான் என்றால் அவன் வயலில் வேலை செய்தவன். மருந்து குடித்தான் என்றால் வேறு. நடுவில் இருப்பது ஒரு வினைச்சொல்தான். அதை வைத்துத்தான் ஊர் ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேசும்.

நான் உள்ளே போய் ஜானெட்டிடம் சொன்னேன். பதற்றத்தில் ஆங்கிலம் தமிழ் வழியாகத்தான் வந்தது. என் தம்பி மருந்து அடித்தான், அதனால் உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றேன். மருந்து என்பதற்கு நம் மாத்திரை மருந்தின் சொல்லையே போட்டுவிட்டேன். அவள் என் தோளைத் தொட்டு, சில மருந்துகள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, தன் அக்காவுக்கும் அப்படி ஆனது, சரியாகிவிட்டது என்றாள். திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். மணி அடித்துவிட்டது.

4

அப்பா கடைக்குப் போனார். கடைக்காரர், "நான் அவனுக்கு எதுவும் லூஸ்ல குடுக்கல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டார். பக்கத்து வயல்காரர் அதே கடையில், அதே புழுவுக்கு, முழு பாட்டிலாக வாங்கியிருந்தார். அவர் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பியபோது நான் வீடு வந்திருந்தேன். கலாவுக்கு அன்று மாலை ஷிஃப்ட். வீட்டில் நானும் மகள் யாழினியும்தான்.

யாழினிக்கு ஒன்பது வயது. தமிழ் புரியும், பேச மாட்டாள். சித்தப்பா என்ற சொல் அவள் வாயில் "சிட்டப்பா" என்று வரும். நான் போனில் லேபிளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாய்த்து வைத்த சதுரம், அதன் கீழ்ப்பாதி சிவப்பு. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் சிவப்புதான் கொடியது. அதற்கு மேல் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, பல மொழிகளில். முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். கண்ணில் நீர் முட்டி எழுத்து கலைந்தது.

"குடுங்க," என்று ஆங்கிலத்தில் சொல்லி யாழினி வாங்கிக்கொண்டாள். "அப்பா, எல்லாத்தையும் படிக்கக் கூடாது. தலைப்பைத் தேடணும்."

அவளுடைய விரல் எங்கும் தயங்கவில்லை. பெயர். அபாயம். அறிகுறிகள். முதலுதவி. மாற்று மருந்து. தடித்த எழுத்தில் இருந்ததை மட்டும் உரக்கப் படித்தாள். நான் எழுத்துக் கூட்ட வேண்டியிருந்த ரசாயனப் பெயரை அவள் ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு, வகுப்பில் சரியான பதில் சொன்ன பிள்ளைக்கு வருமே, அந்த மகிழ்ச்சி அவள் முகத்தில் வந்தது. அப்புறம் இன்னும் ஒரு வரியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"யார் இதைக் குடிச்சது?"

"யாரும் குடிக்கல. சித்தப்பா மேல பட்டுடுச்சு."

அவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். தன் விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

செல்வி மூலமாக டாக்டரிடம் பேசினேன். பெயரைச் சொன்னேன், மாற்று மருந்தைச் சொன்னேன்.

"அதத்தான் சார் வந்ததுலேருந்து குடுத்துட்டிருக்கோம். அறிகுறிய வெச்சே ஆரம்பிச்சுட்டோம்," என்றார். குரல் களைத்திருந்தது. "இவருக்குக் குடுத்ததும் இதுதான்னு உறுதியாத் தெரியுமா?"

"அதே கடை. அதே பூச்சி."

"கூட வேற எதையும் கலந்தாங்களான்னு?"

"தெரியல டாக்டர்."

"சரி சார். அப்ப தெரியாதுன்னே வெச்சுக்கறோம்."

5

போவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கலா ஷிஃப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்து கேட்டாள். "எக்ஸ்டென்ஷன் என்னாகும்?"

எங்கள் விசா முடிகிற நேரம். நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியேறினால், அதை நாமே திரும்பப் பெற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். மறுபடி ஊரிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை மாதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கலாவின் ஷிஃப்ட்டுகளுக்கு நடுவே யாழினியைப் பார்த்துக்கொள்ள இங்கே ஆள் கிடையாது.

மறுநாள் விசா அலுவலகத்தின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். இசை ஓடியது. பிறகு ஓர் இளைஞன் வந்தான். மரியாதையாகத்தான் பேசினான். தம்பியின் பிறந்த தேதியைக் கேட்டான். உடன்பிறந்தவர் நெருங்கிய உறவுதான் என்றாலும், அவசரம் கருதி முடிவை விரைவுபடுத்தக் கோரலாமே தவிர உத்தரவாதம் தர முடியாது என்றான். மருத்துவமனைக் கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் இணைக்கச் சொன்னான். "அவர் மோசமான நிலையில் இருக்கிறாரா?" என்று கேட்டான். ஆம் என்றேன். "அப்படியென்றால் கடிதத்தில் அது தெளிவாக இருக்க வேண்டும்," என்றான்.

முருகேசனுக்கு இதற்குள் மூச்சுக் குழாய் போட்டுவிட்டார்கள். நடுவில் ஒரு காலை கண் திறந்தான். செல்வி வீடியோவில் காட்டினாள். வாயில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. என்னைப் பார்த்தான். கையை லேசாகத் தூக்கி, வராதே என்பது போல ஆட்டினான். வா என்றுதான் ஆட்டினானோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். அப்பா கேமராவுக்குள் தலையை நீட்டி, "நீ வராதப்பா, வேலைக்கு ஏதாவது ஆயிடப் போவுது. இவன் தேறிட்டான்" என்றார். டாக்டரும் கொஞ்சம் நம்பிக்கையாகத்தான் சொன்னாராம். கலா மட்டும் அதை நம்பவில்லை. அவள் நர்ஸ். கண் திறந்தவர்கள் அடுத்த நாள் மூச்சு நின்றுபோவதை வார்டில் பார்த்தவள்.

அந்த வாரக் கடைசியில் முருகேசன் இறந்துபோனான்.

6

உடலை வாங்குவதற்கு முன்னால் போலீஸ் விசாரணை உண்டு. விஷம் சம்பந்தப்பட்டது என்றால் அது வழக்கம். செல்வி என்னைக் கூப்பிட்டு, "கட் பண்ணாதீங்க அத்தான், லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு போனை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அவள் சேலைதான் தெரிந்தது. சத்தம் மட்டும் வந்தது.

ஒரு போலீஸ்காரர் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஊர், பெயர், கல்யாணம் ஆகி எத்தனை வருஷம், வீட்டில் சண்டை உண்டா, குடிப்பழக்கம் உண்டா. செல்வி பதில் சொன்னாள். பேனா ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, "இந்தாம்மா, கீழ ஒரு கையெழுத்து" என்றார்.

"படிச்சுட்டுப் போடறேங்க."

"எல்லாம் நீ சொன்னதுதாம்மா."

அவள் படித்தாள். செல்வி எட்டாவது வரை படித்தவள். உதடு அசைத்துத்தான் படிப்பாள். வெகுநேரம் ஆனது. அப்பா மூக்கைச் சிந்தும் சத்தமும், எங்கோ ஒரு ஸ்ட்ரெச்சரின் சக்கரச் சத்தமும் வந்துகொண்டிருந்தன.

"ஐயா, இதுல 'பூச்சிமருந்து அருந்தி'ன்னு இருக்கு."

"அது எப்பவும் எழுதறதுதாம்மா. இந்த மாதிரி கேஸுக்கெல்லாம் அப்படித்தான் வரும்."

"அவரு அருந்தல. அடிச்சாரு."

"அதான் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ல எல்லாம் வரப்போவுதே. இப்ப இதுல போட்டாத்தான் பாடியக் குடுப்பாங்க. பொழுது சாயுது பாரு."

அப்பாவின் குரல் கெஞ்சலாக வந்தது. "போட்டுரும்மா. புள்ளைய எடுத்துட்டுப் போவணும்."

"மாமா, எம்மவன் அஞ்சாவது படிக்கிறான். அவனுக்கு எழுத்துத் தெரியும்." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க அதை அடிச்சுட்டு எழுதுங்கய்யா. 'வயல்ல மருந்து அடிக்கிறப்ப டேங்கு ஒழுகி மேல பட்டு'ன்னு எழுதுங்க. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

"அடிச்சுத் திருத்தக் கூடாதும்மா."

"அப்ப வேற பேப்பர்ல எழுதுங்க."

இங்கே என் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அத்தனை வருஷம் படித்து, படித்ததைச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருக்கிற நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் காகிதம் கிழியும் சத்தம் கேட்டது. போலீஸ்காரர் பெருமூச்சு விட்டார். "சொல்லும்மா, மெதுவாச் சொல்லு," என்றார்.

7

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். நான் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் என்னைத் தனியே விட்டுக் கலாவும் வேலைக்குப் போக மாட்டாள். ஜானெட்டுக்குச் சேதி சொல்லியிருக்கவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். வகுப்பில் நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். என் மேசையில் ஒரு பெரிய அட்டை. உங்கள் தம்பி சீக்கிரம் குணமாகட்டும் என்று எழுதியிருந்தது. மடித்து, தைத்து, ஒரு சின்னப் புத்தகமாகவே செய்திருந்தார்கள். ஒரு சிறுமி முதல் பக்கத்தில் உள்ளடக்கம் போட்டிருந்தாள். ஒரு பையன் மாத்திரைப் பாட்டில் வரைந்து, மூடி, லேபிள், மாத்திரை என்று கோடிழுத்துப் பெயர் எழுதியிருந்தான். இன்னொரு பக்கத்தில் படுக்கையில் உட்கார்ந்து சிரிக்கிற ஓர் ஆள். கீழே, "இவர் வீட்டுக்குப் போகிறார்."

ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். நன்றி சொன்னேன். இடைவேளையில் ஜானெட்டிடம் உண்மையைச் சொன்னபோது, அவள் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்த அட்டை அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. தூக்கிப் போடவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை.

யாழினி ஒரு வாரம் கழித்து, பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள், குடமுருட்டியில் தனக்கு நண்டு வளை காட்டியவர்தானே அவர் என்று. ஆமாம் என்றேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, தான் படித்துச் சொன்னது தவறாக இருந்ததா என்று கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள். "நீ சரியாத்தான் படிச்ச கண்ணு," என்று தமிழில் சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பொருளையும் லேபிளைப் படிக்காமல் அவள் திறப்பதில்லை. ஷாம்புவைக்கூட.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் விசா நீட்டிப்பு வந்தது. ஒரு மின்னஞ்சல், இரண்டு வரி. கலா அதைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடினாள். "டிக்கெட் போடுங்க," என்றாள். அக்டோபர் கடைசியில் இங்கே ஒரு வாரம் பள்ளி விடுமுறை. அதற்குப் போட்டுவிட்டுச் செல்வியைக் கூப்பிட்டேன்.

வயலில் இருந்தாள். காற்றுச் சத்தம் கேட்டது. கதிர் முற்றிவிட்டது, அறுப்பு மிஷினுக்குச் சொல்லியிருக்கிறேன், மழை வருவதற்குள் வர வேண்டும் என்றாள். குத்தகையை விட்டுவிடலாம் என்று அப்பா சொல்கிறாராம், அடுத்து தாளடியும் நானே போடுகிறேன் என்று இவள் சொல்லியிருக்கிறாளாம். தரையில் கிடந்த எதையோ தாண்டிப் போகிற மாதிரி, நடந்துகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் டிக்கெட் விவரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். எந்த இடத்தில் என்று தெரியவில்லை, அழுகை வந்துவிட்டது. நடந்துகொண்டிருந்தவள் நின்றாள்.

"அத்தான், அழுவாதீங்க. நீங்க அழுதுட்டே பேசுனா எனக்கு ஒண்ணும் விளங்கல. என்னைக்கு வர்றீங்கன்னு சொன்னீங்க?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு, தேதியை மறுபடி சொன்னேன்.